மேஸ்திரி ஊற்றிய எண்ணெய்

மேஸ்திரியின் கையில் எப்போதும் நீண்ட மூக்கு வைத்த ஓர் எண்ணெய்க் கேன் இருக்கும். தூங்கும்போதாவது கீழே வைப்பாரா என்று நாங்கள் கேலி பேசுவோம். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நாங்கள் வேலை பார்த்தது ஐம்பதுகளில், ராயபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு மரப்பட்டறையில். கதவும் ஜன்னலும் செய்வார்கள். நான் வஜ்ரம் காய்ச்சுகிறவள். மாட்டுத் தோலில் செய்த வஜ்ரக் கட்டிகளை ஊறவைத்து, கொதிக்க விடாமல் உருக்கி, பலகை ஒட்டப் பதமாகக் கொடுக்க வேண்டும். மீன் நாற்றத்திலிருந்து தப்பித்துத் தோல் நாற்றத்தில் போய் விழுந்தாளே என்று காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். என் பசையில் ஒட்டிய பலகையைப் பிளந்தால் மரம் கிழியுமே தவிர ஒட்டு விடாது. அந்தப் பேர் எனக்கு இருந்தது. புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நின்றவளுக்கு அந்தப் பேரை விட்டால் வேறு கதியில்லை.

உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. இழைப்பு மெஷினின் மேடை, ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகள், எல்லாம் காலையில் துடைத்தால் சாயங்காலம் சிவந்துவிடும். ஒருநாள் முதலாளி துருவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கண்டபடி ஏசினார். மறுநாளிலிருந்து மனிதருக்கு எண்ணெய்ப் பித்து பிடித்துவிட்டது. பேரிங்கில் விட வேண்டிய எண்ணெயை மேடையில் ஊற்றினார், கிளாம்ப்பின் திருகில் ஊற்றினார், பலகையைக் கவ்வும் அதன் தாடையில் ஊற்றினார். மரத்தூள் அதில் ஒட்டிக் களியானது. பலகைகளின் விளிம்பெல்லாம் எண்ணெய் ஏறியது. இரும்பு பளபளத்தது, முதலாளியும் சிரித்தார். எங்களில் யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

மழைக்காலத்தில், ஒரு பெரிய மனிதரின் புது வீட்டுக்குப் போன கதவுகள் வண்டியில் திரும்பி வந்தன. ஒட்டு விட்டு, பலகை பலகையாகப் பிரிந்திருந்தன. முதலாளி கத்தினார். மேஸ்திரி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எல்லாம் இவளாலதான் மொதலாளி. வஜ்ரத்துல தண்ணிய ஊத்திக் கலீஜ் பண்ணிகீறா" என்றார். அன்றைக்கே என்னை வெளியே அனுப்பினார்கள்.

இதில் எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால், அவர் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். பதம் தவறிவிட்டதோ, கொதிக்க விட்டுவிட்டேனோ என்று என்னையே குடைந்தேன். திருவொற்றியூர் வரைக்கும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். எனக்கு முன்னால் கெட்ட பேர் போய்ச் சேர்ந்திருந்தது. டோல்கேட் பக்கத்தில் ஒரே ஒருவர் மட்டும் வந்து காய்ச்சச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. போகவில்லை. அம்மாவின் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

வருஷங்கள் கழித்து, பழைய பட்டறையில் இழைப்பு மெஷின் ஓட்டியவர் மீன் வாங்க வந்தார். "உனுக்குத் தெரியாதா யக்கா? நீ போன கையோட மேஸ்திரி எண்ணெய நிறுத்திட்டாரு. கிளாம்ப்புக்கும் மேடைக்கும் மெயுகுவத்தியத்தான் தேய்க்கணும்னாரு. எண்ணெ பட்ட மரத்துல பசை புடிக்காதாமே" என்றார். கத்தியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னைக் கூப்பிடவில்லை, என் மேல் தப்பில்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியே என் கூடைக்கு முன்னால் வந்து குந்தினார். பார்த்துப் பார்த்து வவ்வால் மீனாகப் பொறுக்கினார். பையில் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"என் வஜ்ரம் கெட்டதா மேஸ்திரி?"

"அத்த இன்னாத்துக்கு இப்போ கெளர்றே? எண்ணெதான்னு அப்பால தெரிஞ்சிது. யார்னா ஒருத்தர் போனாத்தானே மொதலாளி அடங்குவாரு. நீ எப்டினா பொயச்சிக்குவேன்னு வுட்டுட்டேன். பொயச்சிகினுதானே கீறே?"

பையைப் பிடுங்கி மீனைத் திரும்பக் கூடையில் கொட்டினேன். "உனுக்கு மீன் கெடையாது, போ" என்றேன்.

அவர் செத்துப்போனார் என்று பட்டறை ஆட்கள் வந்து சொன்னார்கள். ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார்கள். எனக்கு இப்போது கை நடுங்குகிறது. இது வயசு நடுக்கம், இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. உறுதியாக இருந்த காலத்தில் இந்தக் கை சரியில்லை என்று என்னையே நம்ப வைத்தவர் அவர். நான் போகவில்லை.