பதினேழு கேட்ட சீட்டு

குடையை விரிக்கிறார், ஒரு சுற்றுச் சுற்றுகிறார், காதருகே கொண்டுபோய் மூடுகிறார். மூடும்போது எழும் ‘டக்’ ஒற்றை ஒலியாக இருந்தால் தேறியது, வலப்பக்கக் கூடை; இரட்டையாக இருந்தால் பழுது, இடப்பக்கக் கூடை. குடைத் தொழிற்சாலையின் கடைசி மேசையில், மர முக்காலியில் உட்கார்ந்து, நாளொன்றுக்கு நானூற்று எண்பது குடைகளை இப்படிக் கேட்டு முடிக்கிறார். அதே கூடத்தில் இருப்பு எழுத்தராக இருக்கும் நான் மூன்று நாள்கள் எண்ணிக் குறித்துக்கொண்ட எண்ணிக்கை இது.

வீட்டில் என்ன பெயரோ, இங்கே அவர் பதினேழு. இளையவர்களுக்குப் பதினேழக்கா. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரிடம், “மூணாவது கம்பி தளர்ந்திருக்குங்க, காத்தடிச்சா திரும்பிக்கும்” என்பார். “இவளோட மழையில நடக்க முடியாது. ஊரான் குடையைப் பார்த்துக்கிட்டே நம்ம குடையைச் சாய்ச்சுடுவா. நனையறது நான்தான்” என்பது கணவரின் நெடுநாள் புகார்.

அந்தப் பெயர் வந்தது ஒரு சீட்டினால். தேறிய ஒவ்வொரு குடையின் மடிப்புக்குள்ளும் ‘சோதித்தவர்: 17’ என்று கையால் எழுதிய துண்டுத்தாளைச் செருகுவது அவருடைய பன்னிரண்டு ஆண்டு வழக்கம். பழுதென்று திரும்பி வந்தவை மொத்தம் இரண்டு. அவற்றின் சீட்டுகளைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. நகல் என்னிடம் உள்ளது. பணியாளர்மீது பழி விழாதிருக்கும் பொருட்டுச் சீட்டு நிறுத்தப்படுகிறது, இனி இயந்திரமே முத்திரை பதிக்கும் என்றது அது. அதே நாளிட்ட இன்னோர் ஆணையில் என் பதவி உயர்வும் நிறுத்தப்பட்டது. அதற்குக் காரணம் எழுதும் சிரமத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை.

“திட்டு வந்தாலும் என்னைத் தேடித்தானே வந்துச்சு? இப்ப நல்லா இருந்தாலும் மிஷின் பேரு, கெட்டாலும் மிஷின் பேரு. நடுவுல நான் எதுக்குண்ணா?” என்று கேட்ட பதினேழு, வேலையிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். “தேதியை மட்டும் நானே போட்டுக்கறேன்” என்றார்.

தேதி போடுவதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். மனிதத் தேவைகளைத் திரையில் ஐந்து படிகளாக அடுக்கிக் காட்டினார். அடிப்படியில் சோறும் தூக்கமும். உச்சியில் ஆற்றலின் முழு மலர்ச்சி.

“நீங்க எந்தப் படியில இருக்கீங்கம்மா?” என்று பதினேழைக் கேட்டார்.

“அது இருக்கட்டும் சார். இதுல வேலை எந்தப் படியில இருக்கு?”

சிரிப்பு அடங்கிய பின் படிவங்கள் கொடுக்கப்பட்டன. பலர் மின்விசிறி கேட்டார்கள். சிலர் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்டார்கள். ‘உங்கள் தேவை’ என்ற கட்டத்தில் பதினேழு ஒரே சொல்லை எழுதினார்: சீட்டு.

பத்தாம் நாள், மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்று வந்து சேர்ந்தது. பயிற்சியாளருக்குத் தெரிந்த சீட்டு, உட்காரும் சீட்டு. “நீங்க கேட்டது வந்துடுச்சு பாருங்க” என்று மேற்பார்வையாளர் உருட்டிக்கொண்டு வந்தார். ‘தேவை நிறைவேற்றப்பட்டது’ என்ற அறிக்கையின் நகலும் என் கோப்பில் இருக்கிறது.

“பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாம விட்டாங்களே, சந்தோஷப்படு” என்றார் பக்கத்து மேசைத் தையற்காரர்.

பதினேழு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றிக் காது கொடுத்தார். இருக்கையின் அடியில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது: ‘சோதித்தவர்: 6’. அதைக் கட்டைவிரலால் நீவி, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தத் தேதியில்லாத கடிதத்தை எடுத்தார். மடித்து, மடிப்பில் நகத்தை ஓட்டி, ஒரே அளவுத் துண்டுகளாகக் கிழித்தார். முதல் துண்டின் வெற்றுப் பக்கத்தில் 17 என்று எழுதி, மடியில் கிடந்த குடையின் மடிப்புக்குள் செருகினார்.