பல் செட்டுக்காரர் செஸ் படிக்கிறார்

ரோஸ் நிற மெழுகை விளக்கில் காட்டி இளக்கி, கடைவாய்ப் பல் ஒன்றை அதில் பதித்துக்கொண்டிருக்கின்றன அவருடைய கைகள். கண்கள் அங்கே இல்லை. பிளாஸ்டர் டப்பாமேல் சாய்த்து வைத்த போனில் ஒரு வாலிபன் செஸ் பலகையைக் காட்டி, "இந்த இடத்துல வீடியோவை நிறுத்திட்டு, என்ன ஆடலாம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க நண்பர்களே" என்கிறான். இவர் நிறுத்துவதில்லை. வாலிபன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குதிரையை நகர்த்துகிறான். "நானும் அதையேதான் நெனச்சேன்" என்று இவர் கையிலிருக்கும் பல்லிடம் சொல்கிறார்.

பல் டாக்டர் ஒருவரின் பின்னறையில் பல் செட் செய்வது இவருடைய தொழில். கெட்டிக்காரக் கை. எனக்கு மேல்வரிசை கட்டியதும் இவர்தான். இன்றைக்கும் கடலை கடிக்கிறேன். ஆனால் அது வீடியோ காலத்துக்கு முந்திய வேலை. அதற்குப் பிறகு ஒரு வக்கீலுக்கு முன்பற்கள் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்தன. அவர் கோர்ட்டில் வாயைத் திறந்தபோது எதிர்க்கட்சி வக்கீல் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம்.

செஸ் பிடித்த கதை சுருக்கமானது. குடும்ப விசேஷம் ஒன்றில், மனைவியின் தம்பியோடு சும்மா ஒரு ஆட்டம் ஆடினார். தம்பி தண்ணி லாரி ஓட்டுபவன். அடுப்பில் வைத்த குக்கர் விசில் அடிப்பதற்குள் இவர் தோற்றுப் போனார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அன்று முதல் வீடியோ. சாப்பிடும்போது வீடியோ, குளியலறையில் வீடியோ, எல்லாமே ஒன்றரை மடங்கு வேகத்தில். அதற்குப் பிறகு ஒரு மனிதரோடும் அவர் ஆடிப் பார்த்ததில்லை. "முதல்ல தியரி முடியட்டும்" என்பார். நீச்சல் வீடியோ பார்த்துவிட்டுத் துண்டால் தலை துவட்டிக்கொள்கிறவரைப் போலத்தான்.

பேச்சும் மாறிவிட்டது. இரவுக்கு என்ன சமைக்கட்டும் என்று மனைவி கேட்டால், "இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ரெண்டுமே ஆபத்தானது" என்கிறார். அந்த அம்மாள் ஒருநாள் கரண்டியோடு நின்று கேட்டுவிட்டு, "மூணாவது வழி ஒண்ணு இருக்கு. நீங்களே சமைச்சுக்கறது" என்றாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், படுத்த படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இவருடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். விழுந்ததில் பழைய பல் செட்டும் இரண்டாக உடைந்தது. ஊருக்கெல்லாம் பல் கட்டும் மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கிறார். மாமியாரோ வாரக்கணக்கில் குழைத்த சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். முறிந்த எலும்பு சேர வேண்டுமானால் தெம்பு வேண்டும், தெம்புக்கு மென்று தின்ன வேண்டும். உடம்பு இளைத்து, புடவைக் கொசுவம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. கேட்டால், "மெழுகுல எல்லாம் ரெடி. பாலிஷ்தான் பாக்கி" என்று போனைப் பார்த்துக்கொண்டே பதில்.

கடைசியில் மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை என் தம்பியக் கூப்பிடறேன். ஒரே ஆட்டம். நீங்க ஜெயிச்சா உங்க வீடியோவைப் பத்தி இனிமே நான் வாயே திறக்கல. தோத்தீங்கன்னா மறுநாள் காலைல எங்கம்மா வாயில பல்லு இருக்கணும். போன் என் பீரோவுல."

"மறுநாள் என்ன, அவன் வர்றதுக்கு முன்னாடியே ஜெயிச்சாச்சுன்னு வச்சுக்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வாழைப்பழச் சீப்போடு வந்தான். அவன் காய்களை அடுக்கப் போனபோது இவர் பெருந்தன்மையாகக் கையை விரித்து, "உனக்கு எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்க மச்சான். எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அவன் வெள்ளையை எடுத்தான்.

அங்கேதான் வந்தது வினை. வீடியோவில் வெள்ளைக் காய்கள் எப்போதும் கீழே, பார்ப்பவர் பக்கம் இருக்கும். இவர் மனப்பாடம் செய்ததெல்லாம் அந்தக் கோலத்தில்தான். இப்போது கறுப்பு இவர் பக்கம். படித்த பலகை தலைகீழாகக் கிடந்தது. முதலில் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு மறு பக்கம். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு போய் மச்சானின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, திரும்பி ஓடி வந்து ஒரு காயை நகர்த்தினார். மறுபடி எழுந்தார்.

"மாமா, பின்னாடி வந்து நிக்காதீங்க. கழுத்து கூசுது."

"நீ உன் ஆட்டத்தைப் பாரு."

"ரிவர்ஸ் எடுக்கணும்னா சொல்லுங்க, லாரியில கண்ணாடி இருக்கு. கழட்டிட்டு வரேன்."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இவர் வியர்த்தார். நடுவில் ஓர் இடத்தில், யாரோ சொல்லப்போகிறார்கள் என்பதுபோல் பலகையைப் பார்த்துக் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. தம்பி பழத்தோலைத் தட்டில் போட்டுவிட்டு ராணியைத் தள்ளினான்.

"மாமா, ராஜாவுக்குப் போக வழியில்ல போல இருக்கே. நல்லாப் பாருங்க, நான் தப்பாவும் சொல்லுவேன்."

நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். வழியில்லை.

"நீ ஆடினதே தப்பு மச்சான். அவ்வளவு சீக்கிரம் ராணிய வெளிய எடுக்கவே கூடாது. யாரை வேணா கேளு."

"சரி மாமா. தப்பாவே ஜெயிச்சுட்டேன். பழம் சாப்பிடறீங்களா?"

மனைவி வந்து கையை நீட்டினாள். போன் பீரோவுக்குப் போனது. இவர் சாவியை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பின்னறையைத் திறக்கப் போனார். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அன்று பற்களைப் பார்த்தே வேலை செய்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை, முழங்கைவரை பிளாஸ்டர் தூளோடு வந்தார். மாமியாரைத் தலையணைகளில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தேன். இரண்டு வரிசையையும் பொருத்தி, நடுவே கடி பதியும் நீல மைத்தாளை வைத்து, "கடிங்க அத்தை. இந்தப் பக்கம். ம், அந்தப் பக்கம்" என்றார். கறை எல்லாப் பற்களிலும் சமமாக விழுந்திருந்தது. "எங்கயும் உயரம் இல்ல. கச்சிதம்" என்று நிமிர்ந்தார். பொய்யில்லை, நானும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒரு வேலை. ஆப்பிள் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். அறை முழுக்கக் கேட்கும்படி கடித்தார் அந்தப் பெரியம்மா. நிதானமாக மென்று விழுங்கினார். இன்னொரு துண்டையும் கேட்டு வாங்கித் தின்றார். அதன் பிறகு மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, நேத்து ஆட்டத்துக்கு நடுவுல அவன் முதுகுக்குப் பின்னாடி போய்ப் போய் நின்னீங்களாமே, எதுக்கு?"

மாப்பிள்ளை மாமியாரின் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார்.

"கழட்டுங்க அத்தை. ஒரு பல்லு உயரமா இருக்கு."