கரண்ட் போன நேரம்

கரண்ட் போனது. ஏசியின் இரைச்சல் நின்றதும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். நான் எதுவும் பேசியிருக்கவில்லை. பழக்கம்தான்.

ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பவர்லூம் ஓடும். பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அம்மாவிடம், "மாமாவ நான் கட்டிக்க மாட்டேம்மா!" என்று கத்தினேன். சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போய், தெருவில் எல்லாத் தறிகளும் நின்றுவிட்டன. என் குரல் மட்டும் தெருக்கோடிவரை போனது. என் குரலை நானே முழுசாகக் கேட்டது அன்றுதான்.

"மெதுவா பேசுடி, தெருவே கேட்டுகினு இருக்குது," என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அந்தக் குரலில் நான் பேசியதே இல்லை.

எதிர் நாற்காலியில் இருந்த மாமா, என் கணவர், நிமிர்ந்தார்.

"இன்னா, எதனா சொன்னியா?"

"இல்லீங்க," என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.