தூறல்காரர் தெளித்த தண்ணீர்

பூமியைத் துளைத்து எரிவாயு எடுக்கும்போது வாயு தனியாக வராது, அடியில் கிடந்த தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் வரும். வாயில் வைக்க முடியாத உப்பு, எண்ணெய் வாடை வேறு. அதை டேங்கர் லாரியில் ஏற்றிப்போய்க் கழிவு இறக்கும் இடத்தில் விடுவதுதான் அவர் பிழைப்பு. தெருவில் அவருக்குப் பேர் தூறல்காரர். மண் ரோட்டில் புழுதி பறக்காமலிருக்க வால்வைக் கொஞ்சம் திறந்து, நனைத்துக்கொண்டே போவார். உப்பு இறங்கிய மண் லேசில் காயாது. துணி உலர்த்தும் பெண்கள் வாயார வாழ்த்தினார்கள். பெண்டாட்டிக்குப் புழுதி பட்டால் இருமல் என்பதால் தன் வீட்டு வாசலில் கை இன்னும் தாராளம்.

ஒருநாள் வேலியில் அவரைக்கொடி கருகி நின்றது. பசு கயிற்றை இழுத்துக்கொண்டு போய் ரோட்டை நக்கியது.

“ஏங்க, என்னத்தத் தெளிச்சீங்க?” என்றாள் பெண்டாட்டி.

“தண்ணிதான்.”

“எந்தத் தண்ணி?”

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். வாசலுக்குப் பக்கத்திலேயே கிணறு. பிள்ளை பெற்ற மருமகள் உட்பட வீடே குடிப்பது அதைத்தான்.

“லாரித் தண்ணி” என்றார்.

அவள் கத்தவில்லை. கிணற்று வாளியைக் கவிழ்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனாள். அதுதான் அவரை உலுக்கியது.

கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். முடிவு வரும்வரை தெருக்கோடிக் குழாயிலிருந்து குடம் சுமந்தார்.

“என்ன தூறல்காரரே, ஊருக்கெல்லாம் தெளிச்சிட்டு இப்ப நீங்களே குடம் தூக்குறீங்க?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“சிரிங்கக்கா. உங்க வாசல் மண்ணையும் நான்தான் வழிச்சு எடுக்கணும்.”

பரிசோதனைக்காரர் போனில் கூப்பிட்டார். “உப்பு கிணத்துல இறங்கலைங்க, தாராளமாக் குடிங்க. ஆனா நல்ல மழை ரெண்டு பெஞ்சிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். மண்ண உடனே அள்ளிடுங்க.”

தூறல்காரர் உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்தார். பெண்டாட்டி ஒரு வாளி இறைத்து, முதல் சொம்பைத் தான் குடித்து, மிச்சத்தை அவரிடம் நீட்டினாள்.

மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். தெரு மண்ணை வழித்துச் சாக்கில் கட்டி, கழிவு இறக்கும் இடத்திலேயே சேர்த்தார். வால்வுக்குப் பூட்டும் போட்டார்.

மறுநாள் லாரி போனபோது வாசல் முழுக்கப் புழுதி. அவள் முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள். அவர் பிரேக் போட்டு எட்டிப் பார்த்தார்.

“நிக்காதீங்க, போங்க! இருமலுக்குக் கிணத்துல தண்ணி இருக்கு!”