அந்தீஸ் மலையில் நான் ரயர் பார்த்த கதை

சுற்றுலா வழிகாட்டி வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் 'குண்டு' என்ற சொல்லுக்கு என்ன மரியாதையோ, கப்பல் ஏறும் மண்டபத்தில் 'வாந்தி' என்ற சொல்லுக்கும் அதே மரியாதை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றில், டென்மார்க்கிலிருந்து கூட்டிக்கொண்டு போன பதினொரு தமிழரோடு என்னையும் கயிறு கட்டிப் புறம்பாக நிறுத்திய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1. வேலை கிடைத்த விதம்

நான் டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு யன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தவன். தொழிற்சாலை போலந்துக்குப் போனது. நான் போகவில்லை. வேலை தேடித் தரும் ஜொப் சென்ரரில் இருந்த பெண் எனக்கு என்ன நன்றாக வரும் என்று கேட்டார். கதைக்க வரும் என்றேன். வேறென்ன என்று கேட்டார். நிறையக் கதைக்க வரும் என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, ஊரிலுள்ள சிறிய பயண நிறுவனம் ஒன்றுக்கு என்னை அனுப்பிவைத்தார்.

அதன் முதலாளி பிர்கிற்ற என்ற டெனிஷ் பெண். எங்கள் யூலன்ட் மாநிலப் பக்கத்துத் தமிழர்கள் மெல்ல மெல்லப் பென்சன் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், ஆனால் இவர்கள் கலியாண வீட்டுக்குத் தவிர வேறெங்கும் பயணம் போவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். அவர்களை ஒரு கப்பலில் ஏற்ற முடியுமா என்பதுதான் என்னிடம் கேட்ட கேள்வி. வெளிநாட்டு அனுபவம் உண்டா என்றும் கேட்டார். கனடாவில் மூன்று கலியாணத்துக்குப் போயிருக்கிறேன் என்றேன். அதை அவர் 'சர்வதேச அனுபவம்' என்று எடுத்துக்கொண்டார்.

முதல் பயணமே தென்னமெரிக்கா. விமானத்தில் சிலி, அங்கே ஒரு நாள் அந்தீஸ் மலை, அடுத்த நாள் கப்பல் ஏறி, கண்டத்தின் தெற்கு முனையைச் சுற்றி ஆர்ஜன்ரீனாவில் இறங்குவது.

வந்தவர்களில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஹொல்ஸ்டெப்ரோ ஊர்ப் பவளம் அக்கா. முதியோர் இல்லத்தில் கால் நூற்றாண்டு வேலை செய்தவர். அந்த இல்லத்தின் அறைகளில் டெனிஷ் கிழவர்களும் கிழவிகளும் கப்பல் மேல்தளத்தில் தொப்பியோடு நின்று எடுத்த படங்கள் வரிசையாக இருக்குமாம். "அவையின்ர கப்பல் படமெல்லாம் நான்தான் தம்பி தூசு தட்டினனான். எனக்கு எண்டு ஒரு படம் வேணும்" என்றுதான் அக்கா முற்பணம் கட்டினார். இதை அவர் பகிடியாகச் சொன்னார். ஆனால் தொப்பி அப்போதே வாங்கியாகிவிட்டது.

மற்றவர் ஸ்கீவ ஊர்ச் செல்வண்ணை. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எந்த நேரமும் தொலைபேசி. கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வீடியோவாகவே பார்ப்பவர். படம் மட்டுமல்ல, உறவினர்களுக்காகக் கூடவே வர்ணனையும் நடக்கும்.

2. வானமலைப் பயிற்சி

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது என் யோசனை. டென்மார்க்கில் அதற்கு இருப்பது ஹிம்மெல்பியர்கெற். அந்தப் பெயருக்கு வானமலை என்று அர்த்தம். உயரம் நூற்றைம்பது மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. டெனிஷ்காரர் எதையும் பெரிதுபடுத்திச் சொல்லாத சனம் என்பார்கள். அந்தப் பெயரை வைத்த நாளில் மட்டும் அவர்களுக்கு என்னவோ நடந்திருக்கிறது.

நொவெம்பர் மாத மழையில் எல்லாரும் பனிச்சப்பாத்து, கம்பளித் தொப்பி, இரண்டு சுவெற்றர் சகிதம் வந்து இறங்கினார்கள். செல்வண்ணை தொலைபேசியை நாலு பக்கமும் திருப்பிவிட்டு என்னிடம் கேட்டார்.

"சிறி, மலை எங்கை?"

"நாங்கள் அதுக்கு மேலதான் நிக்கிறம் அண்ணை."

உண்மைதான். கார் நிறுத்துமிடமே கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. நாங்கள் காரிலிருந்து உச்சியில் நிற்கும் கோபுரம் வரைக்கும் நடந்தோம். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. அக்காமார் கொண்டுவந்த கடலை வடையை நின்ற நிலையில் சாப்பிட்டோம். நான் ஆட்கள் உட்காரும் வாங்கில் ஒன்றில் ஏறி, உயரமான இடத்தில் உடம்பு எப்படி நடந்துகொள்ளும், தலை சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று காலையில் இணையத்தில் வாசித்ததை அனுபவம் போலச் சொன்னேன். பிறகு, இந்தக் குழு அந்தீஸ் மலைக்குத் தகுதியானது என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

3. மலை நாள்

சிலியில் அது கோடைகாலம். தலைநகரிலிருந்து சின்ன பஸ் ஒன்றில் ஏறினோம். மேலே இருந்தது ஒரு பனிச்சறுக்குக் கிராமம், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீற்றர் அளவில். கிட்டத்தட்ட இருபது வானமலைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். பாதை கொண்டையூசியைப் போல வளைந்து வளைந்து போனது. வளைவுகளுக்கு நம்பர் போட்டிருந்தார்கள். முதல் பத்து வளைவு வரைக்கும் பஸ்ஸுக்குள் பாட்டு. அதற்குப் பிறகு தேவாரம். அதற்கும் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

காலையில் ஹொட்டேல் மேசையிலிருந்து அள்ளிய பாணுக்குள் முட்டையும், யாரோ போத்தலில் கொண்டுவந்த, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் வைத்து எல்லாரும் சாப்பிட்டிருந்தோம். நானும்தான்.

மேலே இறங்கியதும் உயரத்தை எழுதி நட்டிருந்த பலகை அருகில் படம் எடுக்கப் போனார்கள். பவளம் அக்கா தொப்பியைச் சரி செய்தார், பலகையைப் பிடித்தார், அப்படியே குனிந்து வாந்தி எடுத்தார்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வாந்தி எடுத்தால் அது பொதுக் காரியம். ஒருவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். ஒருவர் முதுகைத் தடவினார். ஒருவர் காதுக்குப் பின்னால் தைலம் பூசினார். இன்னொருவர் தன் தண்ணீர்ப் போத்தலையே அக்காவின் வாயில் வைத்தார். செல்வண்ணை வீடியோ எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. "அண்ணை, இதையுமோ? நிப்பாட்டுங்கோ" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டதுதான் பிழை. காலையில் சாப்பிட்ட சம்பல் எனக்கும் மேலே வரத் தொடங்கியது. பஸ்ஸின் ரயரில் காற்று இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் பின்னால் போனேன். ரயரைப் பார்த்தேன், வெகு நெருக்கமாகவே. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, காற்று சரியாக இருக்கிறது என்றேன்.

பாதி வழி இறங்கியதும் அக்காவுக்கு எல்லாம் சரி. வழியிலிருந்த கடையில், மாவுக்குள் இறைச்சி வைத்துப் பொரிக்கும் எங்கள் பற்றீஸ் போல ஒன்று விற்றார்கள். அக்கா இரண்டு சாப்பிட்டு, மூன்றாவதைக் கைப்பைக்குள் வைத்தார்.

ஹொட்டேலுக்குத் திரும்பும்போது நான் எழுந்து நின்று அடுத்த நாள் விவரத்தைச் சொன்னேன். கப்பல் ஏறுமுன் உடல்நலம் பற்றி ஒரு தாள் தருவார்கள், எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிட்டால் வேலை சுலபம் என்றேன்.

"தம்பி, நான் வாந்தி எடுத்தனான் எல்லோ?" என்றார் பவளம் அக்கா.

"அது நோய் வருத்தம் இல்லை அக்கா. அது மலை."

"அப்ப மலை எண்டு எழுதட்டோ?"

"ஒண்டும் எழுத வேண்டாம் அக்கா."

அக்கா தலையாட்டினார். முதியோர் இல்லத்தில் கால் நூற்றாண்டாக, யார் எப்போது வாந்தி எடுத்தார், எப்போது மாத்திரை குடித்தார் என்று ஒவ்வொரு முறை வேலை முடியும்போதும் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனவரிடம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

4. கப்பல் ஏறும் நாள்

துறைமுக மண்டபத்தில் பெட்டிகளை வாங்கி நேராகக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அந்தத் தாளைத் தந்தார்கள். கடந்த சில நாட்களில் வாந்தி, வயிற்றோட்டம் உண்டா? பத்துப் பேர் இல்லை. நானும் இல்லை. பவளம் அக்கா ஆம். அழகான கையெழுத்தில், காலை எத்தனை மணி போல, என்ன நிறம் என்பதுவரை எழுதியிருந்தார்.

தாளை வாங்கிய பையன் அதை வாசித்துவிட்டு ஓரடி பின்னுக்குப் போனான். பிறகு கப்பல் டொக்டர் வந்தார். கையுறை போட்ட, நிதானமான பெண்மணி. கப்பலுக்குள் வயிற்றுக் கிருமி ஒன்று ஏறினால் ஆயிரம் பேர் படுப்பார்கள், அதனால் இரண்டு நாள் கரையில் நிற்க வேண்டிவரும் என்று அக்காவிடம் பணிவாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். கப்பல் அன்று மாலை போய்விடும். அடுத்த துறைமுகம் வெகுதூரம் தெற்கே.

டொக்டர் அடுத்ததாக, இவரோடு நெருக்கமாகப் பழகியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். இதற்கு அறிவுள்ள எந்தக் குழுவும் மௌனமாக இருந்திருக்கும். எங்கள் ஆட்கள் அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று நினைத்தார்கள். நான்தான் நெற்றியைப் பிடித்தேன் என்றார் ஒருவர். என் போத்தலில்தான் தண்ணி குடித்தவா என்றார் மற்றவர். நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம், ஒரே போத்தல் சம்பல் என்று நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார் மூன்றாமவர். டென்மார்க்கில் கோயில் நிர்வாகம் இரண்டாக உடைந்த பிறகு ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்காத இரண்டு பேர்கூட, டொக்டருக்கு முன்னால் சொந்தச் சகோதரர் ஆனார்கள்.

டொக்டர் எல்லாரையும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்து பிர்கிற்ற வைலேயிலிருந்து தொலைபேசி எடுத்தார். எல்லாரும் கப்பலில்தானே என்று கேட்டார். கப்பல் தெரிகிறது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் டொக்டரிடம் போய், வானமலையில் நடத்திய பயிற்சி பற்றி விளக்கினேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் போய்க் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொன்னார்.

பவளம் அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மண்டபத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, நான் மட்டும் நிக்கிறன் எண்டு சொல்லும். மற்றச் சனத்தை ஏத்தட்டும்" என்றார். குரலில் கவலை ஒன்றும் தெரியவில்லை. தொப்பியின் விளிம்பை மட்டும் விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

 செல்வண்ணை என் பக்கம் குனிந்தார்.

"சிறி, நீர் நிப்பாட்டச் சொன்னனீர். நான் நிப்பாட்டேல்லை."

வீடியோவை டொக்டர் கவனமாகப் பார்த்தார். மலை அடிவாரத்தில் அக்கா கைதட்டிப் பாடுகிறார். வளைவு கூடக் கூட முகம் வாடுகிறது. உயரம் எழுதிய பலகை தெளிவாகத் தெரிகிறது, அதன் கீழே அக்கா. அடுத்து, பாதி வழியில் அதே அக்கா இரண்டு கையிலும் பற்றீஸோடு. டொக்டரின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அக்காவின் நாடியைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், நாலைந்து கேள்வி கேட்டார். இது கிருமி இல்லை, உயரம்தான், நீங்கள் ஏறலாம் என்றார்.

நான் தொலைபேசியை வாங்கக் கையை நீட்டினேன். வீடியோ இன்னும் முடியவில்லை. பலகைக்கும் பற்றீஸுக்கும் இடையில் வேறொரு துண்டு இருப்பதாகவும், அதைத் தான் தாண்டிவிட்டதாகவும் சொல்லி, செல்வண்ணையே உதவி செய்யும் ஆர்வத்தில் பின்னுக்குத் தள்ளிப் போட்டார். மலைச்சிகரம், வானம், எங்கள் பஸ், பஸ்ஸின் பின்பக்கம். அங்கே ரயரைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மனிதர். கூடவே ஸ்கீவ உறவினர்களுக்காகச் செல்வண்ணையின் குரல்:

"இவர்தான் எங்கட கைட். ரயர் பாக்கிறார்."

டொக்டர் தாள்களைப் புரட்டி என்னுடையதை எடுத்தார். வாந்தி: இல்லை. என் கையெழுத்து. உயரத்தால் வந்த வாந்தியோடு ஏறத் தடையில்லை, ஆனால் தாளில் இப்படி எழுதினவரின் மற்றப் பதில்களையும் தன்னால் நம்ப முடியாது என்றார். ஏறலாம். நாளை மாலை வரைக்கும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது.

5. யன்னல் இல்லாத அறை

யன்னல் செய்து பிழைத்த எனக்குக் கம்பெனி தந்தது யன்னல் இல்லாத அறை. வழிகாட்டிகளுக்கு அதுதான் வழக்கம். கப்பல் ஊதியது, சுவர் மெல்ல அதிர்ந்தது. என் முதல் குழு கரையை விட்டுப் போவதை நான் ஒரு அலுமாரிக் கதவைப் பார்த்தபடி அனுபவித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறக்கக்கூடாது. வெளியே பவளம் அக்காவின் குரல், முதியோர் இல்லத்தில் விசாரித்துப் பழகிய குரல்.

"தம்பி, தண்ணி குடிச்சனீரோ?"

"ஓம் அக்கா."

"பிறகும் வாந்தி எடுத்தனீரோ? உண்மையைச் சொல்லும்."

"இல்லை அக்கா."

"அப்ப சரி. மேல வடிவாக் கிடக்கு. மலை எல்லாம் ரோஸ் நிறத்தில தெரியுது, நேற்று நாங்கள் நிண்டதும் அதுக்குள்ளதான் இருக்கும். செல்வண்ணை உமக்கு எண்டு எடுத்துக்கொண்டு நிக்கிறார். நான் போய்ப் படத்துக்கு நிக்கப்போறன்."

அந்தப் படத்தை நான் பிறகு பார்த்தேன். தொப்பி கொஞ்சம் சரிந்திருக்கிறது. அக்கா அதைப் பெரிதாக்கி, முன்பு வேலை செய்த இல்லத்துக்கும் ஒன்று கொடுத்தார். அது பொது அறையில் தொங்குகிறது. இப்போது அதை வேறு யாரோ தூசு தட்டுகிறார்கள்.

பிர்கிற்ற எல்லாவற்றையும் கேட்டறிந்தார். பயணிகளின் கருத்துப்படி, வழிகாட்டி அறைக்குள் இருந்த நாள் மிக ஒழுங்காக நடந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். என் வேலையைப் பறிக்கவில்லை. வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

புதிய குழுக்களை இன்றும் முதலில் வானமலைக்குத்தான் கூட்டிப் போகிறேன். ஆனால் வாங்கிலில் ஏறுவதில்லை. கார் நிறுத்துமிடத்தில் நிற்கவைத்து, செல்வண்ணையின் வீடியோவைப் போட்டுக் காட்டுகிறேன். ரயர் வந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடியும்வரை பொறுத்திருந்து சொல்வேன்:

"கப்பலில கேட்டா, ஓம் எண்டு எழுதுங்கோ. எத்தனை மணி, என்ன நிறம், எல்லாம் எழுதுங்கோ."