காடியைச் சுற்றிய காலை

எனக்குக் கொரோனா வந்துவிட்டது என்று நம்பினேன். சந்தேகம் எல்லாம் இல்லை, முழு நம்பிக்கை. நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, ஊசிக்குப் பயந்து கட்டிலடியில் ஒளியும் ஆறு வயதுப் பையனைப் போல, என் காடிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

நடமாட்டக் கட்டுப்பாடு வந்திருந்த நேரம். இனிப்பு நீர் வியாதிக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அதுவரை கிளேபாங் கடற்கரையில் நடப்பேன். நடந்து இறக்கிய சர்க்கரையை அங்கேயே கடையில் குடித்து ஏற்றிக்கொள்வேன். கடற்கரை, கோயில் எல்லாவற்றையும் மூடியதும், வாசலில் நின்ற காடியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். குளித்து, விபூதி பூசி, வெறுங்காலோடு, வலப்பக்கமாக. வீட்டில் இருதய ஆபரேஷன் ஆன மாமனார் இருந்தார். என்னால் அவருக்கு எதுவும் வந்துவிடக் கூடாதென்று மாஸ்க்கும் போட்டுக்கொள்வேன். அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர் அவர். சன்னலோரம் உட்கார்ந்து, நான் சுற்றுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு அடைத்தது. இழுத்த மூச்சு உள்ளே வரவில்லை. கதை முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்குள் போனால் மாமாவின் கதையும் முடியும். அதனால்தான் காடி. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார்தான் துணை. மனைவிக்குப் போன் போட்டேன்.

"கிட்ட வராத. எனக்கு வந்திருச்சு."

"என்னா வந்திருச்சு? காலையிலேயே விளையாடாதீங்கலா."

"அப்பாவ ரூமுக்குள்ள வச்சு கதவச் சாத்து!"

அறைக்குள் அடைபட வேண்டியவர் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். நெற்றியில் புது விபூதி. கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

இந்த நேரம் பார்த்தா இவருக்கு உடற்பயிற்சி ஆசை வர வேண்டும்? ஹார்னை அழுத்தினேன். "உள்ள போங்க மாமா!"

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. நான் பாத்துக்கிறேன்."

வெயில் ஏறியது. பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை முன்னால் வந்தபோது பானெட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கதவைத் திறந்தால் என் நோய் அவரைக் கொல்லும். திறக்காவிட்டால் இந்த நடையே கொல்லும். பின்கண்ணாடியில் அவர் தலை தெரியும், மறையும், பக்கத்துக் கண்ணாடியில் வரும்.

ஒருமுறை வரவில்லை.

கொரோனாவாவது மண்ணாவது என்று கதவைத் திறந்து ஓடினேன். பின்பக்கம் டயரோரம் குந்தியிருந்தார். உதடு வெளுத்திருந்தது. கையைப் பிடித்தால் உதறுகிறார்.

"இன்னும் கொஞ்சந்தான். முடிச்சிடுறேன்."

மனைவி ஓடிவந்து அவர் நாக்கடியில் மாத்திரையை வைத்தாள். இருவரையும் கிளினிக்குக் கொண்டுபோனதும் அவள்தான். மாமாவை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். எனக்கு ஒன்றுமில்லை. வயிறு முட்டத் தோசை தின்றுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மாஸ்க் போட்டு வெயிலில் வேகமாக நடந்தால் யாருக்கும் அப்படித்தான் மூச்சு முட்டும் என்றார் டாக்டர்.

மாமா ஏன் நடந்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் தன் மகளிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. கோயில் மூடியிருக்கிறதே என்று, மருமகன் மாமனாரின் இருதயத்துக்காகக் காடிக்குள் இருக்கும் பிள்ளையாரைச் சுற்றுகிறார் என்று நினைத்திருக்கிறார். பாதியில் நின்ற வேண்டுதல் என் தலையில் விடிந்துவிடக் கூடாதென்று, மீதியை அவர் சுற்றினார்.