தென்னாப்பிரிக்காவைப் பற்றி நான் பேசியது

எங்கள் சரித்திர வாத்தியார் யூதர்களுக்காக அழுவார். நிஜமாகவே அழுவார். ஹிட்லர் பாடம் நடத்தும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்து நிற்பார். அந்த வயல் அவருடைய அண்ணனுடையது. அதில் நடவு நட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

ஆட்சி மாறியதிலிருந்து அவருக்குப் பேச்சு வளம் கூடியிருந்தது. மாலையில் கட்சி மேடை, காலையில் வகுப்பு. இரண்டிலும் அதே அடுக்குமொழிதான். ஒரு நாள் ஹிட்லர் பாடத்தின் நடுவே நான் எழுந்து கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்கெல்லாம் தெரியாதா சார்?"

"தெரியாம எப்படிம்மா இருக்கும்? வண்டி வண்டியா ஏத்திக்கிட்டுப் போறாங்க. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க. கொலைகாரனவிட அவங்கதான் பெரிய பாவி."

அருமையான பதில். அந்தப் பதிலுக்காக அவர் மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. சம்பா அறுவடை வரைக்கும் அது தாக்குப்பிடித்தது.

அந்த வருஷம் கூலியை உயர்த்திக் கேட்டு எங்கள் சேரி ஆட்கள் அறுப்புக்கு இறங்கவில்லை. வாத்தியாரின் அண்ணன் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்தார். எங்கள் ஆட்கள் ஆணும் பெண்ணுமாகப் போய் வரப்பில் மறித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் சேரிக்குள் கூரைகள் பற்றி எரிந்தன. பட்டப்பகல். வந்தவர்கள் முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. எல்லாரும் அண்ணன் வீட்டுக் களத்தில் தினமும் பார்க்கிற ஆட்கள்தான். உயிர்ச்சேதம் இல்லை என்றார்கள்; கட்டிக் கிடந்த ஆடுகள் கணக்கில் வராது போலிருக்கிறது. எங்கள் வீட்டில் நெல் குதிரும் என் பள்ளிக்கூடத் துணியும் போயின. சாயங்காலம் போலீஸ் வேன் வந்து, வீடு எரிந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. என் அப்பாவும் அதில் போனார். கலகம் செய்ததாக வழக்கு.

சில நாள் கழித்துச் சித்தி மகளின் தாவணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

"ஏம்மா, இத்தனை நாளா வரல?" என்றார் வாத்தியார்.

"வீடு எரிஞ்சுபோச்சு சார்."

"அடடா. லீவு லெட்டர் எழுதிக் குடுத்துடு."

பிறகு திரும்பி, கரும்பலகையில் 'தென்னாப்பிரிக்காவில் நிறவெறி' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அவர் வீட்டுக் கொல்லையில் நின்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் சேரி தெரியும். புகை தெரிந்திருக்காதா என்ன?

அந்த மாதமே நிறவெறியைக் கண்டித்துப் பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். நடுவர் ரைஸ் மில் முதலாளி; ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளரும் அவரே. எனக்குக் கணீரென்ற குரல் என்று வாத்தியாரே என் பெயரைச் சேர்த்து, பேச்சையும் எழுதிக் கொடுத்தார். கறுப்பு வைரங்களே, கண்ணீர்க் கடலே என்று இரண்டு பக்கம். அதை நான் மேடைக்குக் கொண்டுபோகவில்லை.

"அந்த நாட்டில் உழைக்கிற மக்களுக்குத் தெரு தனி, கிணறு தனி, சுடுகாடு தனி" என்று ஆரம்பித்தேன். "எஜமானர் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். டீக்கடையில் அவர்களுக்குக் கொட்டாங்கச்சியில்தான் டீ. எதிர்த்துப் பேசினால் மரத்தில் கட்டிவைத்துச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூரையில் நெருப்பு வைப்பார்கள். வீடு எரிந்தவனைத்தான் போலீஸ் பிடிக்கும்."

பின்வரிசையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கத் தாவணியை வாயில் திணித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். முன்வரிசையில் மில் முதலாளி, "அக்கிரமம், அக்கிரமம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவுக்குக் கொட்டாங்கச்சி எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள், ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. இப்படிப்பட்ட கொடுமைக்குத் தமிழ் மண்ணில் என்றுமே இடமில்லை என்று மில் முதலாளி முழங்கினார். வாத்தியார்தான் முதலில் கை தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் என்னைத் தேடி வந்தார்.

"எங்கேருந்தும்மா புடிச்ச இதெல்லாம்? எந்தப் புஸ்தகம்?"

"புஸ்தகம் இல்ல சார். நம்ம ஊரு. கடைசியா சொன்னது உங்க அண்ணன் பண்ணது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுதான் அவர் கவலை.

"அது வேற, இது வேற" என்றார் தணிந்த குரலில். "அங்க நடக்கறது நிறவெறி. இங்க நடந்தது கூலித் தகராறு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"கொட்டாங்கச்சியில டீ ஊத்துறதும் கூலித் தகராறா சார்?"

"நீ படிக்கிற பொண்ணு. உனக்கு எதுக்கு ஊர் வம்பு?"

"பாத்துக்கிட்டு நின்னவங்கதான் பெரிய பாவின்னு நீங்கதான சார் சொன்னீங்க."

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வகுப்பில் என் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். எரிந்த சுவர்மேல் கீற்றைச் சாத்தி அதற்குள்தான் அப்போது குடியிருந்தோம்.

"அவரு மூஞ்சிக்கு நேராவா சொன்ன?"

"ஆமா."

அம்மா ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்தாள். "சரி, சாப்புடு" என்றாள்.

வழக்கு இழுத்து இழுத்து ஒருவழியாகத் தள்ளுபடி ஆனது. கூலியும் ஏறியது, கொடுத்தவர்கள் பிச்சை போடுகிற முகத்தோடுதான் கொடுத்தார்கள். நான் அரசாங்க ஹாஸ்டலில் தங்கிச் சட்டம் படித்தேன். அண்ணன்காரர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. தம்பியான வாத்தியார் மேல் கோபம் வந்ததில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் நிற்க வேண்டும். இவரோ கடல் தாண்டி நடப்பதற்கு அழுதுவிட்டு, வாய்க்கால் தாண்டி நடப்பதென்றால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்.

அவர் ஓய்வு பெற்றபோது பாராட்டு விழா எடுத்தார்கள். ஏற்பாடு செய்தவர் எனக்குப் போன் செய்தார்.

"மனித உரிமைன்னா சாருக்கு உசுருங்க. பழைய மாணவி, வக்கீல் வேற. நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்."

"வரலீங்க."

"அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டீங்களா?"

"இருப்பேன். வர இஷ்டமில்ல" என்று சொல்லிப் போனை வைத்தேன்.